கோஆக்சியல் கேபிள் வாங்கும் முன்: ஆர்ஜி-6, ஆர்ஜி-59, 5சி-2வி என்று எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

வீட்டு வயரிங் நடக்கும்போதே டிடிஹெச்சுக்கும் கேமராவுக்கும் கேபிள் வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனால், ஆர்ஜி-6 என்ற ஒரே பெயரில் நாலு விதமான கட்டுகளை எடுத்து வைப்பார்கள். விலை ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட வித்தியாசப்படும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் “இது நல்ல குவாலிட்டி சார்” என்பதைத் தாண்டிப் பதில் வராது. இணையத்தில் தேடினாலோ ஆர்ஜி எண்கள் போக ஜப்பான் பெயர், சீனப் பெயர், கம்பெனி பெயர் என்று குழப்பம் இன்னும் கூடும். நானும் இப்படி நிறைய அலைந்த பிறகுதான், டேட்டாஷீட்டுகளை (கம்பெனி தரும் அளவு விவரத் தாள்களை) பக்கத்தில் வைத்துக்கொண்டு கேபிள் துண்டுகளை வெட்டிப் பார்த்து ஒரு தெளிவுக்கு வந்தேன். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோஆக்சியல் என்றால் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை இன்சுலேஷன், அதன் மேல் பின்னல், ஃபாயில் என்று உலோகக் கவசம், கடைசியில் மேலுறை என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கேபிள். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்ஜி எண் உங்களுக்கு இரண்டே விஷயங்களைத்தான் சொல்கிறது: எத்தனை ஓம், தோராயமாக எவ்வளவு தடிமன். உள்ளே இருப்பது செம்பா இரும்பா, கவசம் எத்தனை அடுக்கு, நூறு மீட்டருக்கு எவ்வளவு சிக்னல் குறையும், வெயில் தாங்குமா, இது எதுவுமே அந்த எண்ணில் இல்லை. அமெரிக்க ராணுவப் பட்டியலிலிருந்து வந்த பெயர்கள் இவை. அந்தப் பட்டியல் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. இன்று யார் வேண்டுமானாலும் தங்கள் கேபிளில் ஆர்ஜி-6 என்று அச்சடித்துக்கொள்ளலாம், தட்டிக் கேட்க ஆள் இல்லை. ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல், கீழே சொல்கிற வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள்.

1. முதலில் ஓம் எண்ணை முடிவு செய்யுங்கள்

கேபிளின் உடம்பில் 75 அல்லது 50 என்று இருக்கும். டிவி, டிடிஹெச், கேபிள் இணைப்பு, அனலாக் கேமரா எல்லாமே 75 ஓம். வாக்கி டாக்கி, ஹாம் ரேடியோ, வைஃபை ஆன்டெனா, ஜிஎஸ்எம் ஆன்டெனா போன்றவை 50 ஓம். மல்டிமீட்டரை வைத்து இந்த ஓமை அளக்க முடியாது. இது கேபிளின் அமைப்பிலிருந்து, அதாவது நடுக்கம்பிக்கும் கவசத்துக்கும் உள்ள விட்ட விகிதத்திலிருந்தும் நடுவே உள்ள இன்சுலேஷன் பொருளிலிருந்தும் வருகிற மின்மறுப்பு. மீட்டரில் தெரிவது வெறும் கம்பித் தடை. “மீட்டரில் 75 காட்டவில்லையே, டூப்ளிகேட்டா?” என்று பலர் கேட்கிறார்கள். காட்டாது, காட்டவும் கூடாது.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. ஆர்ஜி-58, ஆர்ஜி-59 என்று எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் பக்கத்து உறவு என்று நினைத்துவிடுவோம். ஆனால் 58 என்பது 50 ஓம், 59 என்பது 75 ஓம். பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும்; 58 வெளி விட்டம் சுமார் 5 மி.மீ., 59 சுமார் 6 மி.மீ. கேமரா வேலைக்குப் போய் 58 வாங்கி வருவது அடிக்கடி நடக்கிறது. பழைய கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளில் ஓடிய ஆர்ஜி-62 என்று 93 ஓம் கேபிள்கூட உண்டு, அதுவும் பார்க்க 59 மாதிரியே இருக்கும். காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தால் எழுத்தைப் படிக்காமல் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? வெறுமனே சிக்னல் வாங்கும் வேலை என்றால் 50 ஓம் ஆன்டெனாவுக்கு 75 ஓம் கேபிள் போடுவதால் இழப்பது சுமார் 0.2 டெசிபல்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. விமானங்கள் அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு மெல்லிய ஆர்ஜி-58ஐவிட மலிவான ஆர்ஜி-6 எவ்வளவோ மேல். சிக்னலை அனுப்பும் ரேடியோ என்றால் ஓம் பொருந்தியே ஆக வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

2. ஆர்ஜி எண்களில் நமக்குத் தேவையானவை

எண் பெரிதாக இருந்தால் தடிமன் அதிகம் என்றோ, தரம் கூடுதல் என்றோ எந்த விதியும் கிடையாது. அது வெறும் வரிசை எண். வீட்டு வேலைக்கு இந்தச் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

75 ஓம் பக்கம் மூன்று. ஆர்ஜி-59 மெல்லியது, வெள்ளை இன்சுலேஷனின் விட்டம் சுமார் 3.7 மி.மீ. ஆர்ஜி-6 நடுத்தரம், நடுக்கம்பி 1.02 மி.மீ., வெள்ளை இன்சுலேஷன் சுமார் 4.6 மி.மீ., வெளி விட்டம் 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆர்ஜி-11 தடியானது, நடுக்கம்பி 1.63 மி.மீ., வெளி விட்டம் 10 மி.மீ.க்கு மேல், வளைக்கவே கை வலிக்கும்.

50 ஓம் பக்கம் ஆர்ஜி-174 (சுமார் 2.8 மி.மீ., குட்டையான இணைப்புக்கு மட்டும்), ஆர்ஜி-58 (5 மி.மீ.), ஆர்ஜி-213 (சுமார் 10.3 மி.மீ.). பழைய ஆர்ஜி-8 வகையின் இடத்தைத்தான் 213 பிடித்திருக்கிறது. கடையில் இரண்டு பெயரும் புழங்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விடாதீர்கள். ஆர்ஜி-58/யு என்றால் ஒற்றைக் கம்பி. ஆர்ஜி-58 ஏ/யு, சி/யு என்றால் பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி. அடிக்கடி அசையும் இடத்துக்கு இழைக் கம்பி, சுவரில் நிலையாகக் கிடக்கும் இடத்துக்கு ஒற்றைக் கம்பி. ‘ஆர்ஜி-6 டைப்’ என்று ‘டைப்’ சேர்த்து அச்சடித்திருந்தால், அளவில் அதைப் போன்றது என்று மட்டும் பொருள்.

சிலர் கம்பித் தடிமனை ஏடபிள்யூஜி என்ற அமெரிக்கக் கம்பி அளவுக் கணக்கில் அச்சடிப்பார்கள். அதில் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்: 20 என்றால் 0.81 மி.மீ., 18 என்றால் 1.02 மி.மீ., 14 என்றால் 1.63 மி.மீ. ஆர்ஜி-6 என்று சொல்லிவிட்டு 20 ஏடபிள்யூஜி என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கட்டைப் பாருங்கள்.

3. மற்ற நாட்டுப் பெயர்களைப் பிரித்துப் படிப்பது

உண்மையில் இந்தப் பெயர்கள் ஆர்ஜி எண்ணைவிட நேர்மையானவை, ஏனென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள் இருக்கிறது.

ஜப்பான் முறையில் 5சி-2வி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 5 என்பது வெள்ளை இன்சுலேஷனின் விட்டம், தோராயமாக மி.மீ. கணக்கில். சி என்றால் 75 ஓம். அதே இடத்தில் டி இருந்தால் 50 ஓம். 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன். அங்கே எஃப் இருந்தால் நுரை. வி என்றால் ஒரு அடுக்குப் பின்னலும் பிவிசி மேலுறையும். ஆக 5சி-2வி பருமனில் ஆர்ஜி-6க்குப் பக்கம், 3சி-2வி ஆர்ஜி-59க்குப் பக்கம், 5டி-2வி, 8டி-2வி எல்லாம் ரேடியோ கேபிள். எஸ்-5சி-எஃப்பி என்று பார்த்தால் முன்னால் உள்ள எஸ் சாட்டிலைட் சிக்னலுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும், எஃப்பி என்பது நுரை இன்சுலேஷனும் ஃபாயில் சேர்ந்த கவசமும். டிஷ்ஷுக்கு 5சி-2வி வேண்டாம், எஸ்-5சி-எஃப்பி நல்லது. இரண்டும் ‘ஐந்து சி’ என்ற ஒரே பேச்சில் கடையில் கலந்துவிடும், கவனம்.

சீன முறையில் எஸ்ஒய்வி-75-5 என்று வரும். எஸ் என்றால் ரேடியோ அலைவரிசைக் கோஆக்சியல், ஒய் பாலிஎத்திலீன், வி பிவிசி மேலுறை, அப்புறம் 75 ஓம், கடைசியில் இன்சுலேஷன் விட்டம் 5 மி.மீ. நடுவில் டபிள்யூ சேர்ந்து எஸ்ஒய்டபிள்யூவி என்று வந்தால் நுரை இன்சுலேஷன். கேமரா பெட்டிகளோடு வரும் கேபிள்களில் இந்தப் பெயரை அதிகம் பார்க்கலாம்.

எல்எம்ஆர்-400 என்பது டைம்ஸ் மைக்ரோவேவ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயர். 400 என்பது வெளி விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, கிட்டத்தட்ட 0.4 அங்குலம், அதாவது சுமார் 10.3 மி.மீ. அதே கணக்கில் எல்எம்ஆர்-240 என்றால் 6.1 மி.மீ. எல்லாம் 50 ஓம்தான், 75 ஓம் ரகத்துக்கு மட்டும் பெயரின் கடைசியில் 75 என்று சேர்த்திருப்பார்கள். ‘எல்எம்ஆர்-400க்குச் சமம்’ என்று வேறு கம்பெனிகள் விற்பவற்றில் நல்லதும் உண்டு, ஆனால் டேட்டாஷீட் இல்லாமல் நம்ப வேண்டாம்.

நம் ஊர் கேமரா கடைகளில் ‘3+1’ என்று ஒன்று கேட்பீர்கள். அது தரத்தின் பெயர் இல்லை. ஒரு மெல்லிய கோஆக்சியலும் பவர் முதலானவற்றுக்கு மூன்று ஒயர்களும் ஒரே உறைக்குள் இருக்கின்றன என்பது மட்டுமே செய்தி. அந்த மூன்று ஒயர்களின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பகலில் படம் நன்றாக வந்து, இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பித்த உடனே படம் அலைந்தாலோ கேமரா ரீஸ்டார்ட் ஆனாலோ, கேமராவைக் குறை சொல்லும் முன் கேமரா முனையில் 12 வோல்ட் எவ்வளவாக இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த மெல்லிய பவர் ஒயர்தான் காரணம். (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமரா போடுவதென்றால் கோஆக்சியலே வேண்டாம், கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் போதும்.)

4. உள்ளே என்ன உலோகம்: அதிகப் பணம் போகிற இடம்

விலை வித்தியாசத்துக்கு முதல் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நடுக்கம்பி மூன்று விதம். முழுச் செம்பு, மேலே செம்பு பூசிய இரும்பு, இதை சிசிஎஸ் என்பார்கள், மேலே செம்பு பூசிய அலுமினியம், இது சிசிஏ. மூன்றும் வெட்டாமல் பார்த்தால் ஒரே செம்பு நிறம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரு விரல் நீளத்துக்குக் கம்பியை வெளியே எடுத்து, பேனாக் கத்தியால் அழுத்திச் சுரண்டுங்கள். சுரண்டின இடத்திலும் செம்பு நிறமே இருந்தால் முழுச் செம்பு. வெள்ளிபோலப் பளிச்சென்று தெரிந்தால் கலப்பு. இப்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள், பழைய ஸ்பீக்கர் காந்தம்கூடப் போதும். கம்பி ஒட்டிக்கொண்டால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரும்புக் கம்பியை மடக்கினால் ஸ்பிரிங்போல விறைத்து நிமிரும். அலுமினியம் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிந்துவிடும். ஈயம் பூசிய செம்புக் கம்பி மேலே வெள்ளையாகத் தெரிந்து, சுரண்டினால் உள்ளே செம்பு காட்டும், அது நல்ல ரகம்தான்.

இரும்பு என்றதும் ஏமாற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உயர் அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும்தான் ஓடும். 1000 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மேலே பூசிய செம்பே அதற்குத் தாராளம். அதனால்தான் டிவி, டிடிஹெச் கேபிள்களில் பெரிய கம்பெனிகளே சிசிஎஸ் போடுகின்றன. டேட்டாஷீட்டிலும் அதை வெளிப்படையாகவே எழுதுகின்றன. ‘காப்பர்’ என்று சொல்லிச் செம்பு விலைக்கு சிசிஎஸ்ஸை விற்பதுதான் தவறு.

அப்படியானால் செம்பு எங்கே அவசியம்? டிசி கரண்ட் போகிற இடத்திலும், தாழ்ந்த அலைவரிசை போகிற இடத்திலும். 1.02 மி.மீ. முழுச் செம்பின் தடை நூறு மீட்டருக்கு சுமார் 2 ஓம். அதே தடிமனில் சிசிஎஸ் என்றால் சுமார் 10 ஓம். டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் சிறு பெட்டியான எல்என்பிக்கு செட்டாப் பாக்ஸ் இதே கேபிள் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. அந்த வோல்ட்டைப் பார்த்துத்தான் எல்என்பி எந்தத் துருவச் சிக்னலை (கிடைமட்டமாக அதிர்வதையா, செங்குத்தாக அதிர்வதையா) எடுப்பது என்று முடிவு செய்கிறது. மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு 20, 30 மீட்டர் என்றால் சிசிஎஸ் போட்டாலும் ஒரு வோல்ட்கூடக் குறையாது. அடுக்குமாடியில் நூறு மீட்டரை நெருங்கும் ஓட்டம் என்றால் 18 வோல்ட் 15 பக்கம் இறங்கி, எல்என்பி தடுமாறி, சேனல்களில் ஒரு பகுதி மட்டும் வராமல் போகும். டிஷ்ஷை எத்தனை முறை திருப்பினாலும் அது சரியாகாது. நீண்ட ஓட்டத்துக்கு முழுச் செம்பு வாங்குங்கள்.

பழைய அனலாக் கேமரா சிக்னல் பூஜ்யத்திலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் வரைதான். அந்த அளவில் மேல்தோல் கணக்கு உதவாது, இரும்பு நன்றாகவே இடைஞ்சல் செய்யும். கேமராவுக்குப் போடும் ஆர்ஜி-59இல் நடுக்கம்பியும் செம்பு, பின்னலும் 95 சதவீத மூடல் உள்ள செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

5. கவசத்தை எண்ணிப் பாருங்கள்

மேலுறையை ஓர் அங்குலம் உரித்தால் பின்னலும் அதன் கீழே ஃபாயிலும் வரும். பின்னல் கூந்தல் பிரிந்ததுபோல் இடைவெளி விட்டு, கீழே இருக்கும் ஃபாயில் பாதிக்கு மேல் தெரிந்தால் மூடல் குறைவு. நல்ல டிவி கேபிளில் ஃபாயிலோடு 60 சதவீதத்துக்குக் குறையாத பின்னல் இருக்கும். ‘குவாட் ஷீல்டு’ என்றால் ஃபாயில், பின்னல், மறுபடி ஃபாயில், பின்னல் என்று நாலு அடுக்கு. ‘டிரை ஷீல்டு’ என்றால் மூன்று. பக்கத்தில் செல்போன் டவர் இருந்தாலோ, கேபிள் டிவியோடு இன்டர்நெட்டும் அதே கேபிளில் வந்தாலோ குவாட் ஷீல்டுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. சாதாரண டிடிஹெச்சுக்கு அது தேவையில்லை. ஐரோப்பிய கேபிள்களில் கிளாஸ் ஏ, ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ் என்று போட்டிருந்தால் அது கவசத் தரம்தான். பிளஸ் கூடக் கூட வெளிச் சிக்னல் புகுவது குறையும்.

அலுமினியப் பின்னலில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. சால்டர் செய்யும் கனெக்டர் போடப்போகிறீர்கள் என்றால் செம்புப் பின்னல் வேண்டும்.

6. உங்கள் நீளத்துக்குக் கணக்குப் போடுங்கள்

சிக்னல் இழப்பை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் போனால் பாதி மிச்சம், 6 போனால் கால், 10 போனால் பத்தில் ஒன்று. இவ்வளவு தெரிந்தால் போதும்.

1000 மெகாஹெர்ட்ஸில் நூறு மீட்டருக்கு நுரை இன்சுலேஷன் ஆர்ஜி-59 சுமார் 26 டெசிபல், ஆர்ஜி-6 சுமார் 21, ஆர்ஜி-11 சுமார் 14 இழக்கும். ஆர்ஜி-58 அதே இடத்தில் 60 பக்கம் போய்விடும். அலைவரிசை கூடினால் இழப்பும் கூடும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. மேல் முனையில் ஆர்ஜி-6 நூறு மீட்டருக்கு 30 டெசிபலைத் தாண்டும். 30 மீட்டருக்கு சுமார் 10 டெசிபல், அது சமாளிக்கக்கூடியது. 50 மீட்டரைத் தாண்டும்போது ஆர்ஜி-11 பற்றியோ நடுவில் சிக்னலைக் கூட்டும் லைன் ஆம்ப்ளிஃபயர் பற்றியோ யோசியுங்கள்.

ரேடியோக்காரர்களுக்கு ஓர் உதாரணம். 145 மெகாஹெர்ட்ஸில் 25 வாட் ரேடியோ, மாடி ஆன்டெனா வரை 30 மீட்டர் கேபிள். ஆர்ஜி-58 போட்டால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 6 வாட் அளவுதான். ஆர்ஜி-213 என்றால் சுமார் 14 வாட், எல்எம்ஆர்-400 என்றால் 18க்குப் பக்கம். 7 மெகாஹெர்ட்ஸ் வேலைக்கு மட்டும் என்றால் அதே நீளத்துக்கு ஆர்ஜி-58இல் போவது ஒரு டெசிபல் சொச்சம்தான், தடி கேபிளுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. புது ரேடியோவுக்குக் காசு சேர்க்கும் முன் கேபிளை மாற்றுவது பல வீடுகளில் அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

பொறி: அமெரிக்க டேட்டாஷீட்டுகளில் இழப்பு நூறு அடிக்குத்தான் இருக்கும். மீட்டர் கணக்கோடு ஒப்பிடும் முன் 3.28ஆல் பெருக்குங்கள். அடிக் கணக்கில் உள்ள மட்டமான கேபிள், மீட்டர் கணக்கில் உள்ள நல்ல கேபிளைவிட உயர்ந்ததாகத் தெரிய இதுவே காரணம்.

7. மேலுறை

வெள்ளை பிவிசி உறை வீட்டுக்குள் மட்டும். மொட்டை மாடி வெயிலில் அது வெடித்து, மழைத் தண்ணீர் பின்னல் வழியாக உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் திரும்ப வெளியே வராது. வெளியே போட கறுப்புப் பாலிஎத்திலீன் உறை வேண்டும். மண்ணில் புதைப்பதற்கு உள்ளே ஜெல் நிரப்பிய ரகமும், கம்பத்துக்குக் கம்பம் இழுப்பதற்குத் தனி இரும்புக் கம்பி ஒட்டிய ரகமும் உண்டு.

8. கனெக்டரைக் கேபிளோடு சேர்த்தே வாங்குங்கள்

கேபிளை ஒரு கடையிலும் கனெக்டரை இன்னொரு நாளும் வாங்கினால் பொருந்தாது. டிவி, டிடிஹெச் கேபிள் முனையில் போடும் எஃப் கனெக்டரில், ஆர்ஜி-59க்கானது ஆர்ஜி-6இல் ஏறாது. ஆர்ஜி-6இலேயே குவாட் ஷீல்டுக்குத் தனி அளவு. எஃப் கனெக்டரில் கேபிளின் நடுக்கம்பிதான் முள்ளாக வேலை செய்கிறது, ஆகவே இழைக் கம்பி அதற்கு ஆகாது. ஆர்ஜி-11இன் கம்பி தடி என்பதால் அதற்கான கனெக்டரில் தனி முள் இருக்கும்.

திருகிப் போடும் மலிவான எஃப் கனெக்டரை வெளிப்புறத்தில் போடாதீர்கள். கம்ப்ரஷன் வகையும் அதை அழுத்தும் கருவியும் வாங்கிவிடுங்கள், அல்லது கருவி வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். போடும்போது பார்க்க வேண்டியது இரண்டு. வெள்ளை இன்சுலேஷன் கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். அப்புறம் பின்னலின் ஒரே ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் எல்என்பிக்குப் போகும் வோல்ட் ஷார்ட் ஆகி, செட்டாப் பாக்ஸில் சிக்னல் இல்லை என்று வரும்.

ரேடியோவுக்குப் பிஎல்-259 கனெக்டர் போடுகிறவர்கள், ஆர்ஜி-58 என்றால் மெல்லிய கேபிளை அதில் பொருத்தும் ரெடியூசரையும் கேட்டு வாங்குங்கள். என்-டைப் என்ற திருகு கனெக்டரில், 75 ஓம் சாக்கெட்டில் 50 ஓம் என்-டைப் பிளக்கைத் திணித்தால் சாக்கெட் கெட்டுவிடும், முள் தடிமன் வேறு.

9. வாங்கும்போது: பில், டேட்டாஷீட், செலவு

டேட்டாஷீட்டைக் கேளுங்கள், அல்லது கம்பெனி தளத்தில் அதே மாடல் எண்ணைப் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள். அதில் நடுக்கம்பி உலோகம், விட்டம், டிசி தடை, பின்னல் சதவீதம், அலைவரிசை வாரியாக இழப்பு அட்டவணை இந்த ஐந்தும் இருக்க வேண்டும். ‘லோ லாஸ்’, ‘ஹெச்டி’, ‘4கே’ என்று மட்டும் போட்டு அட்டவணை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பில்லில் வெறும் ‘கேபிள் 1 பண்டல்’ என்று எழுத விடாதீர்கள். கம்பெனி, மாடல் எண், முழுச் செம்பா சிசிஎஸ்ஸா, எத்தனை மீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு காந்தம் ஒட்டினால் திருப்பிக் கொடுக்க அந்த ஒரு வரிதான் ஆதாரம். எனக்குச் செம்பு என்று விற்கப்பட்ட ஒரு கட்டு சிசிஎஸ்ஸாக இருந்தபோது, பில்லில் அந்த வரி இருந்ததால்தான் பேச முடிந்தது.

நீளத்தையும் பாருங்கள். நம் ஊரில் 90 மீட்டர், 100 மீட்டர், 305 மீட்டர் கட்டுகள் புழக்கத்தில் உள்ளன. 305 என்பது ஆயிரம் அடி. 90 மீட்டர் விலையை 100 மீட்டர் விலையோடு அப்படியே ஒப்பிடாமல், மீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். நல்ல கேபிளில் மீட்டருக்கு ஒரு முறை நீள எண் அச்சடித்திருக்கும்; இரண்டு முனை எண்களையும் கழித்தால் உண்மை நீளம் வந்துவிடும். விலை சொல்லும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். கனெக்டர், கருவி, கூலி மூன்றையும் கூட்டினால் கேபிளின் விலை மொத்தச் செலவில் பெரும்பகுதியாக இருக்காது. சுவருக்குள் போகப்போகிற கேபிளில் சிக்கனம் பிடிக்காமல் இருக்க அது போதுமான காரணம்.

ஆர்ஜி-6, 3+1 எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆர்ஜி-213, எல்எம்ஆர் வகைகளுக்குச் சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்கோ ஆன்லைனுக்கோதான் போக வேண்டும். பக்கத்தில் ஹாம் ரேடியோ சங்கம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள், மிச்சக் கேபிளும் நல்ல ஆலோசனையும் கிடைக்கும்.

10. பைப்புக்குள் இழுக்கும் முன்

கேபிளைப் பூச்சு வேலைக்குக் காத்திருந்து அவசரமாக வாங்காதீர்கள். பைப் பதிக்கும்போதே வாங்கி வைத்தால் சோதிக்கவும், சரியில்லை என்றால் மாற்றவும் நேரம் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே முனையை வெட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான் இருக்கும், மேஸ்திரி வரும் நாள் அதற்கு அப்புறம்தான் வரும்.

சோதனை இப்படி. கட்டின் இரண்டு முனையும் கையில் இருக்கும்போதே நடுக்கம்பியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மல்டிமீட்டரில் தடை பாருங்கள். மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவைக் கழித்துவிடுங்கள். 90 மீட்டர் ஆர்ஜி-6 முழுச் செம்பு 2 ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். 9 பக்கம் காட்டினால் சிசிஎஸ், 3 சொச்சம் என்றால் சிசிஏ. அடுத்து நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. வெர்னியர் காலிப்பர் இருந்தால் வெள்ளை இன்சுலேஷனை அளந்து 4.6 வருகிறதா பாருங்கள், 4 மி.மீ. அளவில் நிற்கும் மெலிந்த ‘ஆர்ஜி-6’ சந்தையில் உண்டு, அதில் கனெக்டர் இறுகாது.

இழுக்கும்போது 7 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்க வேண்டாம், கிளிப் அடித்தால் கேபிள் நசுங்கக் கூடாது. நசுங்கின இடத்தில் 75 ஓம் 75ஆக இருக்காது. மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து விடாதீர்கள். டிஷ்ஷிலிருந்து ஒன்றுக்கு இரண்டு கேபிளாக இழுத்து வையுங்கள். இரண்டாவது டிவிக்கு டிடிஹெச்சில் சாதாரண ஸ்பிளிட்டர் வேலைக்கு ஆகாது, இரட்டை எல்என்பியிலிருந்து தனிக் கேபிளே வர வேண்டும். மாடியில் கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வெளியே இருக்கும் கனெக்டரின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, சாதாரண இன்சுலேஷன் டேப்பை அதன் மேல் சுற்றுங்கள். கடைசியாக, இரண்டு முனையிலும் எது எங்கே போகிறது என்று எழுதி ஒட்டி, பூச்சுக்கு முன் பைப் போகும் பாதையைப் போனில் ஒரு படம் எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.